தோசைக்கல்லும் சித்தப்பாவோட ஆட்டோவும்

டிஸ்கி: எஞ்சின், டிகிரி, மில்லிவோல்ட்னு போகிற பதிவு. அலர்ஜி உள்ளவங்க இப்பவே எஸ்கேப் ஆயிக்கலாம். :-)

காத்துல குளிர்ற எஞ்சின் வச்ச காருக்கு சிலிண்டர் ஹெட் சூட்டை எப்படி அளக்கறதுன்னு ஒரு பதிவு போடணும்னு ரொம்ப நாளா ஆசை. ஒரே ஒரு சிக்கல்தான். எங்க கும்மிடிப்பூண்டியில அப்படி ஒரு காரை நான் கண்ணால பார்த்ததே இல்லை. கார் செய்யாத ஜில்லான்னும் சொல்லிட முடியாது. திருவள்ளூர்ல ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஃபேக்டரியிலேர்ந்து 1998-ல மிட்சுபிஷி லான்சர் வெளிய வந்தப்ப ஊரே பெருமைப்பட்டதா அப்பா சொல்வாரு. ஆனா அதெல்லாம் முன்னாடி ரேடியேட்டர் மாட்டின, தண்ணி குடிக்கிற ஜாதி.

காத்துக்குன்னே பொறந்த எஞ்சின்னா எங்க பக்கத்துல ரெண்டைச் சொல்லலாம். ஒண்ணு புல்லட். 1955-ல மெட்ராஸ்ல ஆரம்பிச்ச என்ஃபீல்டு இந்தியாவோட ஃபேக்டரி இருக்கிற திருவொற்றியூர், 2018 வரைக்கும் எங்க திருவள்ளூர் மாவட்டம்தான். அப்புறம் சென்னை மாவட்டம் இழுத்துக்கிச்சு. தினமும் கும்மிடிப்பூண்டி லோக்கல்ல பொன்னேரி, மீஞ்சூர், எண்ணூர் எல்லாம் தாண்டி ஆணி புடுங்கப் போகிற எனக்கு, திருவொற்றியூர் ஸ்டேஷன் வந்தா இன்னிக்கும் புல்லட் ஞாபகம்தான் வரும். ரெண்டாவது சோழவரம். ரெண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளம். போர் முடிஞ்சு, 1953-ல ஆரம்பிச்ச மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதுல பல வருஷம் ரேஸ் விட்டாங்க. 1990-ல இருங்காட்டுக்கோட்டை ட்ராக் வந்ததும் கூட்டம் அந்தப் பக்கம் போயிடுச்சு. சோழவரத்தை ஏன் இழுக்கறேன்னா, அந்தக் காலத்து விமானங்கள்ல பாதிக்கு மேல காத்துல குளிர்ற எஞ்சின். அதுல நிறைய விமானங்கள்ல பைலட் முன்னாடி ஹெட் சூட்டைக் காட்டற மீட்டர் ஒண்ணு இருக்கும். இன்னிக்கும் சின்ன விமானங்கள்ல இருக்கு. லைகாமிங் கம்பெனி அவங்களோட நிறைய எஞ்சின்களுக்கு 500 பாரன்ஹீட், அதாவது 260 செல்சியஸ், அதுக்கு மேல ஒரு புள்ளி கூடப் போகக்கூடாதுன்னு எழுதியே வச்சிருக்காங்க. வானத்துல எஞ்சின் பிடிச்சா ஓரங்கட்ட இடம் இல்லையே!

ரோட்டுல ஓடறவங்களுக்கு அந்த மீட்டர் கிடையாது. உலகத்துலேயே அதிகமா வித்த ஏர்கூல்டு கார் ஃபோக்ஸ்வேகன் பீட்டில். 2003 ஜூலையில மெக்ஸிகோவுல கடைசி வண்டி இறங்கினப்ப மொத்தக் கணக்கு 2,15,29,464. அத்தனை வண்டியிலயும் கம்பெனி ஒரு டெம்பரேச்சர் மீட்டர் வைக்கலை. ரெண்டு விளக்கு. ஒண்ணு ஆயில் பிரஷருக்கு, இன்னொண்ணு ஜெனரேட்டருக்கு. குளிர்விக்கிற ஃபேனும் ஜெனரேட்டரும் ஒரே பெல்ட்டுல ஓடறதால, ஜெனரேட்டர் விளக்கு எரிஞ்சா பெல்ட் போச்சுன்னு அர்த்தம், உடனே நிறுத்துங்கிறதுதான் சூட்டைப் பத்தின மொத்த எச்சரிக்கையும். இதுல இன்னொரு கூத்து, நாலு சிலிண்டர்ல மூணாவது மட்டும் எப்பவும் கூடுதலா வேகும். ஃபேன் கூட்டுக்குள்ள ஆயில் கூலரை அதுக்கு நேரா வச்சுட்டாங்க. காத்து கூலரைத் தாண்டிச் சூடாகித்தான் அந்த சிலிண்டருக்கு வரும். 1971 மாடல்லதான் கூலரை நகர்த்தி வச்சாங்க. பீட்டில் வச்சிருக்கற வெளிநாட்டு ஆளுங்க மீட்டர் வாங்கி மாட்டும்போது முதல் கம்பியை மூணாம் நம்பர் ப்ளக்குல கட்டறது இதனாலதான்.

இந்த விஷயத்துல ஹோண்டா தாத்தா கதையும் பிரமாதம். சொய்ச்சிரோ ஹோண்டாவுக்கு ரேடியேட்டர்னா ஆகாது. தண்ணியில குளிர வச்சாலும் கடைசியில அந்தத் தண்ணியைக் குளிர வைக்கிறது காத்துதானே, நடுவுல எதுக்குத் தண்ணின்னு அவர் வாதம். கேக்கறதுக்கு ரொம்ப நியாயமா இருக்கும். அந்தப் பிடிவாதத்துல ஆர்.ஏ.302ன்னு ஒரு ஏர்கூல்டு ரேஸ் கார் பண்ணி, 1968 ஜூலை 7 அன்னிக்கு பிரான்ஸ் ரூவான்ல இறக்கினாங்க. ஜோ ஷ்லெஸர்ங்கிற டிரைவர் மூணாவது ரவுண்டுலயே விபத்துல எரிஞ்சு போனாரு. அதுக்கப்புறமும் 1969-ல ஹோண்டா 1300னு ஒரு ஏர்கூல்டு கார் வந்துச்சு. கூட வேலை பார்த்த சின்னப் பசங்க முட்டி மோதி, கூட்டாளி புஜிசாவா நடுவுல பேசினப்புறம்தான் பெரியவர் இறங்கி வந்தாரு. 1972-ல வந்த சிவிக்குக்கு தண்ணிதான். பெரியவங்களோட எஞ்சின் விஷயத்துல வாதாடறது எவ்வளவு கஷ்டம்னு எனக்கும் கொஞ்சம் தெரியும். அதுக்குத்தான் வர்றேன்.

எங்க ஊர்ல காருக்கு ரொம்ப நெருக்கமா இருக்கற ஏர்கூல்டு வண்டி, ஆட்டோ. யோசிச்சுப் பாருங்க, பின்னாடி எஞ்சின், தகரக் கூட்டுக்குள்ள ஃபேன், ஃபேன் தள்ளற காத்து சிலிண்டர் மேல இருக்கற தகடு தகடான செதில் வழியா பாய்ஞ்சு வெளிய போகுது. நாலுல ஒரு சிலிண்டரை வெட்டி எடுத்த பீட்டில்தான் அது. புல்லட்டுக்காவது ஓடறப்ப எதிர்காத்து நேரா முகத்துல அடிக்கும். ஆட்டோ எஞ்சின் பின் சீட்டுக்கு அடியில புதைஞ்சு கிடக்கு. ஃபேனை விட்டா அதுக்கு வேற நாதி இல்லை.

சித்தப்பா பதினாறு வருஷமா ஷேர் ஆட்டோ ஓட்டறாரு. கும்மிடிப்பூண்டி ரயில்வே ஸ்டேஷன்லேர்ந்து சிப்காட்டுக்கு, கூட்டம் கம்மியானா மாதர்பாக்கம் ரோடு. காலையில முதல் ஷிஃப்ட்டுக்கு ரோலிங் மில் ஆளுங்க, பாதிப்பேர் ஒடிசா, பீகார் பசங்க. பெர்மிட்டுல மூணு பேர். நிஜத்துல எத்தனை பேருன்னு கேக்காதீங்க. அவரு கொஞ்ச வருஷத்துக்கு முன்னாடி ஒரு பழைய பெட்ரோல் ஆட்டோ வாங்கினாரு. வாங்கின ஏழாவது மாசம் பிஸ்டன் பிடிச்சுச்சு. ரீபோர் பண்ணி ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டாங்க. சரியா பதினோரு மாசம், திரும்பப் பிடிச்சுச்சு. அடுத்த சைஸ் பிஸ்டன். ஒவ்வொரு தடவையும் ஒன்பதாயிரத்துச் சொச்சம், கூட நாலு நாள் வசூல் போச்சு. "இனிமே போர் பண்ண சதை இல்லைப்பா, அடுத்த தடவை பிடிச்சா ப்ளாக்கையே மாத்தணும்"னு மெக்கானிக் அண்ணன் சொல்லிட்டாரு. தங்கச்சி நர்சிங் ரெண்டாவது வருஷம். ஃபீஸ் கட்டற தேதிக்கு இன்னும் மூணு மாசம் இருந்துச்சு. சித்தி அந்த ராத்திரி சாப்பாடு போட்டுட்டு ஒண்ணுமே பேசலை. எங்க சித்தி பேசலைன்னா விஷயம் பெருசுன்னு அர்த்தம்.

பிஸ்டன் பிடிக்கிறதுன்னா என்னன்னு ஒரு வார்த்தை. பிஸ்டன் அலுமினியம், அது ஓடற குழாய் நிறைய எஞ்சின்ல வார்ப்பிரும்பு. ஒரே சூட்டுக்கு அலுமினியம், இரும்பை விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு விரியும். நடுவுல தலைமுடி கனத்துக்கும் கம்மியா ஒரு இடைவெளி, அதுல ஒரு ஆயில் படலம். சூடு எல்லை மீறினா பிஸ்டன் விரிஞ்சு அந்த இடைவெளியைத் தின்னுடும், படலம் கிழியும், உலோகத்தோட உலோகம் உரசிக் கட்டிப் பிடிச்சுக்கும். அப்புறம் கிக்கரை உதைச்சா நம்ம கால்தான் உடையும். ஹெட் அலுமினியமும் 200 டிகிரியைத் தாண்டத் தாண்ட வலு குறைஞ்சுகிட்டே வரும். அதனால பிடிக்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சாகணும்.

ஸ்டேண்டுல ஆளுக்கொரு காரணம் சொன்னாங்க. ஆயில் மட்டம்னு ஒருத்தர், லோடு அதிகம்னு இன்னொருத்தர். அக்னி நட்சத்திரம்னு ஒருத்தர் (ரெண்டாவது தடவை பிடிச்சது டிசம்பர்ல!). கண்ணு பட்டுடுச்சுன்னு சொன்னவரும் உண்டு, எலுமிச்சம்பழமும் மிளகாயும் மறுநாளே தொங்கிடுச்சு.

மெக்கானிக் அண்ணன் மட்டும் பரிசோதனை பண்ணிக் காட்டினாரு. வண்டி வந்து நின்னதும் விரலைத் தண்ணியில தொட்டு ஹெட் மேல ஒரு சொட்டு சுண்டிவிட்டாரு. "சொய்ன்னு சத்தம் போட்டு ஆவியாச்சுன்னா பயமில்லை. சொட்டு உருண்டையாகி உருண்டு ஓடிச்சுன்னா நிறுத்தி வை." நான் மிரண்டு போயிட்டேன். எங்க அம்மா தோசைக்கல்லுக்குப் பண்றது அதேதான். கல்லு சரியா காய்ஞ்சிருந்தா தண்ணி சுருக்குனு போயிடும், அதிகமா காய்ஞ்சா முத்து முத்தா உருளும், உடனே அடுப்பைக் குறைச்சு வெங்காயம் தேய்ப்பாங்க. சொட்டுக்கு அடியில தானே உண்டாகிற நீராவி மெத்தை மேல அது மிதக்குது. 1756-ல லைடன்ஃப்ராஸ்ட்னு ஒரு ஜெர்மன் டாக்டர் இதைப் பத்தி எழுதினதால அவர் பேரு ஒட்டிக்கிச்சு. எந்த டிகிரியில உருள ஆரம்பிக்கும்கிறது பரப்பைப் பொறுத்து மாறும். ஆனா தோராயமா 200 பக்கம். ஆக, அண்ணன் கையில ஒரு சொட்டுத் தண்ணிதான் டெம்பரேச்சர் அலாரம்! நாலு வருஷம் இஞ்சினியரிங் படிச்ச எனக்கு ஹீட் ட்ரான்ஸ்ஃபர் பேப்பர்ல இதை யாரும் காட்டலை. (ஒரு சொட்டுதான், மக்களே. காய்ஞ்ச ஹெட்டுல மக்குல தண்ணி ஊத்தினா அது கோணிக்கும், வெடிச்சும் போகலாம்.)

ஒரே குறை, வண்டி நின்னப்புறம்தான் இந்த டெஸ்ட் பண்ண முடியும். எனக்கு ஓடும்போது வேணும்.

அடுத்த சனிக்கிழமை ரிச்சி தெரு. வாங்கினது ரொம்ப சிம்பிள். ப்ளக்குக்கு அடியில வாஷர் மாதிரி உக்கார்ற செம்பு வளையத்தோட ஒரு கே டைப் தெர்மோகப்பிள், மேக்ஸ் 6675 சிப் வச்ச ஒரு குட்டி போர்டு, ஒரு ஆர்டுயினோ, எண்ணைச் சேமிக்க மெமரி கார்டு. தெர்மோகப்பிள்னா பேட்டரி இல்லாம தானே கரண்ட் தர்ற சாதனம். ரெண்டு வேற வேற உலோகக் கம்பியை ஒரு முனையில சேர்த்து அந்த முனையைச் சூடாக்கினா இன்னொரு முனையில சின்ன வோல்டேஜ் வரும். 1821-ல ஸீபெக் கண்டது. கே டைப்புக்கு ஒரு டிகிரிக்கு சுமார் 41 மைக்ரோவோல்ட். அதாவது 200 டிகிரி வித்தியாசத்துக்கு 8 மில்லிவோல்ட்தான்.

'வித்தியாசம்'ங்கிற வார்த்தையை கவனிங்க. இங்கதான் விலை கம்மியான முள் மீட்டர் எல்லாம் நம்மளை ஏமாத்தும். தெர்மோகப்பிள் சொல்றது ஹெட்டோட சூட்டை இல்லை, ஹெட்டுக்கும் கம்பி முடியற இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை. குளிர்ந்த தேசத்துல 24 டிகிரி ரூமுல அளவு குறிச்ச மீட்டரை, மே மாசம் 40 டிகிரி கும்மிடிப்பூண்டியில மாட்டினா 16 டிகிரி குறைச்சுத்தான் காட்டும். வெயில் ஏற ஏற மீட்டர் "அதெல்லாம் ஒண்ணுமில்லை"ன்னு ஆறுதல் சொல்லும். நம்ம மேக்ஸ் 6675 தன்னோட சொந்தச் சூட்டையும் அளந்து கூட்டிக்கும், அதனால இந்தத் தொல்லை இல்லை. ஆனா போர்டை எஞ்சின் பக்கத்துல வைக்காம ஹேண்டில்பார் கிட்ட கொண்டு வந்தேன், கே டைப் கம்பியையே அதுவரைக்கும் இழுத்து. நடுவுல சாதா ஒயர் ஒட்டுப் போட்டா, ஒட்டின இடத்துலயே கணக்கு மாறிடும்.

மாட்டி முடிச்சு ஸ்டார்ட் பண்ணினா எண்ணு 80, 312, 0, 145ன்னு குதியாட்டம் போட்டுச்சு. பக்கத்துலயே பல ஆயிரம் வோல்ட்ல பொறி பறக்குது, நம்ம சிக்னல் 8 மில்லிவோல்ட். திருவிழா மைக் செட்டுக்குப் பக்கத்துல ரகசியம் பேசின கதைதான். கம்பி ரெண்டையும் முறுக்கி, ரெசிஸ்டர் வச்ச ப்ளக் கேப் போட்டு, வண்டி பேட்டரியை விட்டுட்டு தனி பவர் பேங்க்ல ஓட்டினதும் அடங்கிச்சு.

முதல் ஞாயித்துக்கிழமை நான் சித்தப்பா பக்கத்துல டிரைவர் சீட்டு ஓரத்துல ஒட்டிக்கிட்டு நோட்டும் கையுமா உக்காந்தேன். சும்மா நின்னு ஓடும்போது 150 பக்கம். ரெண்டு பேரோட போனா 185. ஃபுல் லோடுல மாதர்பாக்கம் ரோட்டுல ஏறிக்கிட்டே போச்சு, 220, 235, 243. நான் நிறுத்தச் சொல்லி வாயைத் திறக்கிறதுக்குள்ள 251. ஓரங்கட்டி எஞ்சினை ஆஃப் பண்ணினா உடனே இறங்கலை. இன்னும் ஏறி 258-ல நின்னுட்டு அப்புறம்தான் இறங்க ஆரம்பிச்சுது. ஃபேன் நின்னு போச்சு, ஆனா உள்ள சேர்ந்த சூடு வெளிய வந்தாகணுமே. இறங்கி ஒரு சொட்டு தண்ணி சுண்டினேன். உருண்டு ஓடிச்சு. பின்னாடி உக்காந்திருந்த பாட்டி, "இன்னா கண்ணு, எஞ்சினுக்கு தீர்த்தம் தெளிக்கிறியா?"ன்னு கேட்டாங்க.

மறுநாள் மெக்கானிக் அண்ணன்கிட்ட நோட்டைக் காட்டினேன். அவருக்கு நோட்டு முக்கியமா படலை, 251ங்கிற எண்ணு பட்டுச்சு. "ஃபுல் லோடுக்கும் இது ஜாஸ்தி"ன்னு சொல்லி ஃபேன் கூட்டைக் கழட்டினாரு. சிலிண்டரோட அடிப்பக்கம் காத்தைத் திருப்பிவிடற ஒரு கைநீளத் தகரமே இல்லை. ஸ்க்ரூ ஓட்டை மட்டும் இருந்துச்சு, அதுல வருஷக்கணக்குல அழுக்கு. இவரு கைக்கு வண்டி வர்றதுக்கு முன்னாடி எங்கயோ யாரோ எஞ்சினை இறக்கினப்ப, இது எதுக்குச் சும்மா தொந்தரவுன்னு விட்டுட்டிருக்கணும். பார்க்க சாதாரண ஓட்டைத் தகரம். அது இல்லைன்னா ஃபேன் தள்ளற காத்து சுலபமான வழியா ஒரு பக்கமா ஓடிடும், பின்பக்கச் செதிலுக்குள்ள போகவே போகாது. காத்துக்கு எப்பவும் குறுக்குவழிதான் பிடிக்கும், எங்க டேமேஜர் மாதிரி. செதிலுக்கு நடுவுல வேற ஆயிலும் மண்ணும் கலந்து களிமண் மாதிரி அடைச்சிருந்துச்சு. அண்ணன் பழைய வண்டி ஒண்ணுலேர்ந்து தகரம் எடுத்து வெட்டி மாட்டி, செதிலைக் கம்பியால சுரண்டி, கார்புரேட்டர் ரப்பர்ல இருந்த விரிசலையும் பார்த்து மாத்திட்டாரு. (அந்த விரிசல் வழியா காத்து திருட்டுத்தனமா உள்ள போனா பெட்ரோல் விகிதம் குறையும், அதுவும் சூட்டை ஏத்தும்.) எல்லாம் சேர்த்து எண்ணூறு ரூபாய்.

அதே ரோடு, அதே கூட்டம். உச்சம் 229.

முன்னேற்றம்தான், ஆனா எனக்குத் திருப்தி இல்லை. கார்டுல இருந்த எண்ணை எல்லாம் ஆபீஸ்ல உக்காந்து (லஞ்ச் டைம்லதான், நம்புங்க) கோடு கோடா வரைஞ்சு பார்த்தேன். சூடு உச்சத்துக்குப் போறது வேகமா போகும்போது இல்லை. மெதுவா போகும்போது. நோட்டுல அந்தந்த நேரத்துக்கு எழுதியிருந்ததைப் பார்த்தா எல்லாமே ஒரே மாதிரி இருந்துச்சு: டாப் கியர், மெதுவான வேகம், முழு லோடு, ஆக்ஸிலேட்டர் முழுசா முறுக்கல். சித்தப்பா ஏத்தத்துலயும் டாப் கியரை விட மாட்டாரு. எஞ்சின் டக் டக் டக்குனு மூச்சு முட்டி இழுக்கும். கியர் குறைச்சா பெட்ரோல் குடிக்கும்ங்கிறது அவரோட பதினாறு வருஷ வேதம்.

இங்க ஃபேனை நினைச்சுக்கணும். அது எஞ்சின் தண்டுலயே மாட்டினது. எஞ்சின் எத்தனை சுத்தோ ஃபேனும் அத்தனை சுத்து. டாப் கியர்ல மெதுவா இழுக்கறப்ப ஒவ்வொரு வெடிக்கும் முழு மூச்சா பெட்ரோல் எரியுது, ஆனா சுத்து கம்மி, அதனால காத்தும் கம்மி. கியரைக் குறைச்சா சத்தம் அதிகமாகும், ஏதோ எஞ்சினைக் கொல்ற மாதிரி கேக்கும். நிஜத்துல ஒவ்வொரு வெடிக்கும் பாரம் குறையுது, ஃபேன் ரெண்டு மடங்கு கிட்ட ஊதுது. பீட்டில் ஓட்டறவங்களுக்குச் சொல்ற பழைய பாடமும் இதேதான், டாப் கியர்ல முக்க விடாதே. வண்டியில பரிசோதிச்சுப் பார்த்தோம். 228-ல இருந்தப்ப ஒரு கியர் குறைக்கச் சொன்னேன். முனகிக்கிட்டே குறைச்சாரு. ரெண்டு நிமிஷத்துல 206.

"பாத்தீங்களா சித்தப்பா!"

"பாத்தேன் பாத்தேன். பெட்ரோலை எவன் குடுப்பான்?"

அவரு கேட்டது நியாயமான கேள்வி. ரெண்டு வாரம் டேங்க் ரொப்பி ரொப்பி அளந்தோம். அவரு வழக்கப்படி ஓட்டினா லிட்டருக்கு 28. நான் சொல்றபடி ஓட்டினா 26. ஒரு நாளைக்கு 90 கிலோமீட்டர், அப்ப கால் லிட்டர் கூடுதல், இருபத்தஞ்சு ரூபாய். மாசம் 26 நாளைக்கு 650. பதினோரு மாசத்துக்கு 7,150. ரீபோர் ஒன்பதாயிரம், நாலு நாள் வசூல் தனி, இப்ப ப்ளாக்கே மாத்தற நிலைமைன்னா இன்னும் மேல. நான் பேப்பர்ல எழுதிக் காட்டிட்டு ஜெயிச்ச மாதிரி உக்காந்திருந்தேன்.

சித்தப்பா பேப்பரை மடிச்சு பாக்கெட்ல வச்சுக்கிட்டு சொன்னாரு: "டேய், அந்த ஒன்பதாயிரம் என்னிக்கோ வரும், வராமலும் போகும். இந்த இருபத்தஞ்சு ரூபா இன்னிக்கு சாயங்காலமே போகுது. உனக்கு ஒண்ணாந்தேதி மொத்தமா வருது, நீ மாசக்கணக்கு போடற. எனக்கு தெனம் வருது, நான் தெனக்கணக்கு போடறேன்."

பதில் சொல்லத் தெரியலை எனக்கு. எந்த எக்ஸெல் ஷீட்டுலயும் இந்தக் காலம் இல்லை. புஜிசாவா மாதிரி நடுவுல பேச ஒரு ஆள் தேவைப்பட்டுச்சு. எங்க வீட்டுல அது சித்தி. தட்டுல குழம்பை ஊத்திக்கிட்டே, "நாள் பூரா எதுக்கு கியர் கொறைக்கணும்? சூடு ஏறும்போது மட்டும் கொறைச்சா போதாதா? கொழந்தைக்கு ஜொரம் வந்தாத்தானே மாத்திரை, சும்மா இருக்கறப்பவுமா குடுப்போம்?"னாங்க. அவ்வ்வ்வ்! ரெண்டு வாரமா நான் எப்பவும், இல்லைன்னா எப்பவும் இல்லைன்னு வாதாடிக்கிட்டு இருந்திருக்கேன். மீட்டர் வச்சதோட அர்த்தமே சித்தி சொன்னதுதான்.

அதுக்கப்புறம் திரையில எண்ணைக் காட்டறதை விட்டுட்டேன். கூட்டத்துல ஓட்டற ஆளுக்கு நாலு இலக்கம் படிக்க நேரம் ஏது? மூணு எல்.இ.டி. 205 வரைக்கும் பச்சை, 205 தாண்டினா மஞ்சள், 225 தாண்டினா சிவப்பு. எண்ணு எங்க வண்டிக்கு, எங்க வளையத்துக்குப் பார்த்து வச்சது, அப்படியே யாரும் காப்பி அடிக்க வேண்டாம். ப்ளக் வளையத்துல வர்ற அளவும், ஹெட்டுல துளை போட்டு வைக்கிற ப்ரோப்ல வர்ற அளவும் ஒண்ணா இருக்காது. விமானத்தோட 260-ஐ வச்சு ஆட்டோவை எடை போட்டா தப்பாயிடும். அவங்கவங்க வண்டி நல்லா இருக்கறப்ப என்ன காட்டுதுன்னு ஒரு வாரம் பார்த்து வச்சுக்கணும், அதுலேர்ந்து எவ்வளவு விலகுதுங்கிறதுதான் சேதி. சித்தப்பா சட்டம் எளிது. மஞ்சள் வந்தா ஒரு கியர் குறைப்பாரு. பச்சை வந்ததும் ஏத்திப்பாரு. சிவப்பு வந்தா ஓரங்கட்டி, உடனே ஆஃப் பண்ணாம ஒரு நிமிஷம் சும்மா ஓட விட்டு, அப்புறம் டீ. இப்படி ஓட்டினதுல லிட்டருக்கு 27 கிட்ட வருது. ஒரு நாளைக்கு பன்னெண்டு, பதிமூணு ரூபாய் கூடுதல். "ஒரு டீ"ன்னு சொல்லிட்டு ஒத்துக்கிட்டாரு.

இது நடந்து பதிநாலு மாசம் ஆச்சு. நடுவுல ஒரு அக்னி நட்சத்திரமும் போச்சு. அந்த வெயில்ல ஒரு நாள் பச்சையே வராம மஞ்சள்லயே நின்னுச்சு. மெக்கானிக் அண்ணன் திறந்து பார்த்தா ஃபேன் வாயில ஒரு பிளாஸ்டிக் பை ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, ரோட்டுலேர்ந்து இழுத்தது. பழைய கதையா இருந்தா அன்னிக்கே பிடிச்சிருக்கும். தங்கச்சி ஃபீஸ் ரெண்டு தவணையும் கட்டியாச்சு. ஸ்டேண்டுல இன்னும் மூணு பேருக்குப் பண்ணிக் குடுத்திருக்கேன். அதுல ஒருத்தர் வண்டியில கம்பியை அணில் கடிச்சுடுச்சு, ரிப்பேர் வரிசையில நிக்கறாரு. இன்னொருத்தர் அடுத்து எலக்ட்ரிக் ஆட்டோதான் வாங்கப் போறாராம். அதுல பேட்டரிச் சூட்டைப் பார்க்கணும்னு இப்பவே என்கிட்ட சொல்லி வச்சிருக்காரு.

எலுமிச்சம்பழமும் மிளகாயும் மாத்திரம் வாராவாரம் புதுசு. கேட்டா, "அது ஒரு பக்கம், இது ஒரு பக்கம்".

சித்தப்பா ராத்திரி கணக்கு எழுதற நோட்டுல இப்ப மூணு காலம். மெமரி கார்டை எனக்காக எடுத்து வைக்கிறவரு, அன்னிக்கு உச்சம் என்னன்னு போன்ல பார்த்து அதுலயும் எழுதிடறாரு. நேத்து பக்கத்துல இருந்தது: வசூல் 1,140. பெட்ரோல் 330. சூடு 214.

பி.கு: மேக்ஸ் 6675-க்கு பதிலா புதுசான மேக்ஸ் 31855 வாங்கலாமான்னு யாராவது பின்னூட்டத்துல கேப்பீங்க. நல்ல சிப்தான், ஆனா ப்ளக் வளையம் எஞ்சின் உடம்பைத் தொட்டுக்கிட்டு எர்த் ஆகியிருக்கும். போர்டு வண்டியோட அதே எர்த்துல இருந்தா 31855 அதைக் கோளாறுன்னு நினைச்சு எண்ணு தராம அடம் பிடிக்கும். பழைய 6675 அதைக் கண்டுக்காது. இந்த வேலைக்கு பழசே போதும்.